எண்தானே, அப்படியே வாங்கிக்கொள்ளலாமா?

2005ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் தேதி. ஜே-காம் என்ற நிறுவனத்தின் பங்குகள் தோக்கியோ பங்குச் சந்தையில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த நாள். ஒரு பங்கை 610,000 யென்னுக்கு விற்கும்படி மிசுஹோ செக்யூரிட்டீஸ் நிறுவனத்துக்கு ஆணை வந்திருந்தது. அதைக் கணினியில் பதிவு செய்தபோது இரண்டு எண்களும் இடம் மாறிவிட்டன. 610,000 பங்குகளைத் தலா 1 யென்னுக்கு விற்பதாக ஆணை சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. ஜே-காம் வெளியிட்டிருந்த மொத்தப் பங்குகளே 14,500தான்! திரையில் எச்சரிக்கை ஒன்று தோன்றியது. ஆனாலும் ஆணை தடுக்கப்படவில்லை. தவறு தெரிந்து ரத்து செய்ய முயன்றபோது சந்தையின் கணினியும் அதை ஏற்கவில்லை. முடிவில் நட்டம் ஏறக்குறைய 40 பில்லியன் யென்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 1 ஒரு முழு எண். 610,000மும் ஒரு முழு எண்தான். எழுத்தோ தசமப் புள்ளியோ கலக்கவில்லை. "இது முழு எண்ணா?" என்ற கேள்வியை மட்டும் வைத்துச் சோதித்தால் இரண்டுமே தேர்ச்சி பெற்றுவிடும்.

மாணவர்களே, உங்களில் பலர் பள்ளியில் பைத்தன் கற்கிறீர்கள். சிலர் ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் எழுதுகிறீர்கள். "உங்கள் வயது என்ன?", "எத்தனை வேண்டும்?" என்று பயனரிடம் ஓர் எண்ணைக் கேட்பதுதான் பெரும்பாலும் நாம் எழுதும் முதல் நிரல். பார்ப்பதற்கு மிகச் சுலபமான வேலை. ஆனால், அந்த ஓர் எண்ணைச் சரியாக வாங்குவதற்கு எவ்வளவு கவனம் தேவை என்பதையும், ஒவ்வொரு நிரல்மொழியும் அதில் எப்படி வேறுபடுகிறது என்பதையும் இந்த வாரம் பார்ப்போம்.

விசைப்பலகை எண்ணை அனுப்புவதில்லை

பள்ளிச் சிற்றுண்டிச்சாலை தினத்துக்குக் கூப்பன் விற்கும் நிரல் ஒன்றை நீங்கள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு கூப்பனின் விலை 5 ரிங்கிட். நிரல் "எத்தனை கூப்பன் வேண்டும்?" என்று கேட்கிறது. வாங்குபவர் 3 என்று தட்டுகிறார். 3ஐ 5ஆல் பெருக்கினால் 15 ரிங்கிட் வர வேண்டும் அல்லவா?

பைத்தனில் "இன்புட்" கட்டளை மூலம் வாங்கியதை அப்படியே 5ஆல் பெருக்கிப் பாருங்கள். விடை 33333 என்று வரும்! கணினிக்குப் பெருக்கல் தெரியாமல் போய்விட்டதா? இல்லை. விசைப்பலகையில் 3ஐ அழுத்தும்போது கணினிக்குச் செல்வது 3 என்ற எண் அல்ல, "3" என்ற எழுத்து. கணினியின் எழுத்து அட்டவணையில் அதற்கு 51 என்ற குறியீடு உண்டு, "அ"வுக்கும் "ஆ"வுக்கும் தனித்தனிக் குறியீடு இருப்பதைப் போல. ஓர் எழுத்துச் சரத்தை 5ஆல் பெருக்கச் சொன்னால், பைத்தன் அதை ஐந்து முறை அடுத்தடுத்து எழுதிக் கொடுக்கிறது. அவ்வளவுதான்.

இதையே ஜாவாஸ்கிரிப்டில் செய்தால் 15 என்ற சரியான விடை வரும். "பெருக்கல் என்றால் எண்ணைத்தான் சொல்கிறார்" என்று அது தானாகவே மாற்றிக்கொள்கிறது. மகிழ்ச்சி அடைய வேண்டாம். "3" உடன் 2ஐக் கூட்டச் சொல்லுங்கள், 32 என்று பதில் வரும். கூட்டல் குறி அங்கே எழுத்துகளை ஒட்டவும் பயன்படுகிறது. ஜாவாவிலோ எழுத்துச் சரத்தைப் பெருக்கும் நிரல் ஓடவே ஓடாது, தொகுக்கும்போதே பிழை காட்டிவிடும்.

ஆக, முதல் பாடம்: பயனரிடமிருந்து வருவது எப்போதும் எழுத்து. அதை எண்ணாக மாற்றுவது நம் வேலை. அந்த மாற்றத்தின்போதுதான் சரிபார்ப்பு தொடங்குகிறது.

வாசலில் நான்கு கேள்விகள்

எந்த மொழியில் எழுதினாலும், உள்ளே வரும் எண்ணிடம் நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும்.

1. ஏதாவது வந்திருக்கிறதா? (பயனர் எதையும் தட்டாமல் என்டர் விசையை அழுத்தியிருக்கலாம்.)
2. வந்தது முழு எண்தானா? ("மூன்று", 3.5, 3அ என்று வந்திருக்கலாம்.)
3. அந்த எண் கணினியின் பெட்டிக்குள் அடங்குமா? (மிகப் பெரிய எண்ணாக இருக்கலாம்.)
4. இந்த இடத்துக்கு அது பொருந்துமா? (கழித்தல் 3 கூப்பன் யாரும் வாங்க முடியாது.)

இந்த நான்கில் சிலவற்றை மொழியே நமக்காகக் கேட்டுவிடும். சிலவற்றைக் கேட்காமல், தவறான விடையோடு சத்தமில்லாமல் நகர்ந்துவிடும். நிரல் நின்றுபோய்ப் பிழை காட்டினால் நாம் பதறுகிறோம். உண்மையில் அது நல்ல நண்பன். பிழையை மறைத்துக்கொண்டு தொடர்ந்து ஓடும் நிரல்தான் ஆபத்தானது.

பைத்தன்: உரக்கச் சொல்லும் மொழி

பைத்தனில் "இன்ட்" என்ற கட்டளை எழுத்தை முழு எண்ணாக மாற்றுகிறது. முடியாவிட்டால் "வேல்யூ எரர்" என்ற பிழையை எழுப்புகிறது. "மூன்று", "3.5", "1,000", வெறுமை எல்லாவற்றுக்கும் இதே பிழைதான். முதல் இரண்டு கேள்விகளையும் ஒரே அடியில் கேட்டுவிடுகிறது. அந்தப் பிழையை "ட்ரை", "எக்செப்ட்" என்ற இரு சொற்களைக் கொண்டு நாம் பிடித்து, பயனரிடம் மீண்டும் கேட்கலாம்.

பல மாணவர்கள் இதற்குப் பதிலாக "இஸ்டிஜிட்" என்ற சோதனையைப் பயன்படுத்துகிறார்கள். "எல்லாம் இலக்கங்களா என்று முதலில் பார்த்துவிட்டு, பிறகு மாற்றுவோம்" என்பது அவர்களின் எண்ணம். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால், அது இரண்டு பக்கமும் தவறும். "-5" என்பது முழு எண்தான். அதிலுள்ள கழித்தல் குறி இலக்கம் இல்லை என்பதால் "இஸ்டிஜிட்" அதை நிராகரிக்கும். மறுபுறம், வர்க்கத்தைக் குறிக்க மேலே சிறியதாக எழுதுகிறோமே, அந்த "²" என்ற குறியை அது இலக்கம் என்று ஏற்றுக்கொள்ளும். "சரி, மாற்று" என்று "இன்ட்"டிடம் கொடுத்தால் நிரல் அங்கே நின்றுவிடும். எனவே, மாற்ற முடியுமா என்று ஊகிப்பதைவிட, மாற்றிப் பார்த்துவிட்டு, முடியாதபோது வரும் பிழையைப் பிடிப்பதே பைத்தனில் சிறந்த வழி.

இங்கே ஒரு சுவையான செய்தி. பைத்தனின் "இன்ட்"டிடம் "௧௨" என்று தமிழ் இலக்கங்களில் எழுதிக் கொடுத்துப் பாருங்கள். 12 என்று சரியாகச் சொல்லும்! உலக மொழிகளின் எழுத்துகளைத் தொகுக்கும் யூனிகோட் அட்டவணையில் ௦ முதல் ௯ வரையிலான தமிழ்க் குறிகளும் தசம இலக்கங்களாகப் பதிவாகியுள்ளன. ஜாவாவின் மாற்றக் கட்டளையும் இவற்றை ஏற்கும். சி மொழியும் ஜாவாஸ்கிரிப்டும் ஏற்பதில்லை.

ஆனால், நம் முன்னோர் 12ஐ "௰௨" என்று எழுதினார்கள். பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறிகள் இருந்தன. "௰௨" என்று கொடுத்தால் பைத்தன் பிழை காட்டும். ஏனென்றால், ௰ என்பது ஓர் எண்ணைக் குறிக்கும் குறிதான் என்றாலும், 0 முதல் 9 வரை இட மதிப்பு முறையில் அமரக்கூடிய இலக்கம் அல்ல. "இது எண்ணா?" என்ற கேள்விக்குக்கூட ஒரே பதில் இல்லை என்பது புரிகிறதா?

பைத்தனின் தாராளத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். முன்னும் பின்னும் இடைவெளி இருந்தாலும் அது ஏற்றுக்கொள்ளும். "1_000" என்று நடுவே அடிக்கோடு இருந்தாலும் 1000 என்றே எடுத்துக்கொள்ளும்.

ஜாவா: கண்டிப்பான மொழி

ஜாவாவில் "இன்டிஜர்" வகுப்பிலுள்ள "பார்ஸ்இன்ட்" இந்த வேலையைச் செய்கிறது. இது பைத்தனைவிடக் கண்டிப்பானது. எண்ணுக்கு முன்னால் ஓர் இடைவெளி இருந்தாலே "நம்பர் ஃபார்மட் எக்செப்ஷன்" என்று பிழை எழுப்பிவிடும். பயனர் தெரியாமல் இடைவெளி விசையைத் தட்டுவது சாதாரணம். ஆகவே, மாற்றுவதற்கு முன் "ட்ரிம்" கட்டளையால் இரு பக்க இடைவெளிகளையும் நீக்கிவிடுங்கள்.

தொடக்கப் பாடங்களில் பெரும்பாலும் "ஸ்கேனர்", "நெக்ஸ்ட்இன்ட்" இரண்டையும் சொல்லிக்கொடுப்பார்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது. பயனர் "மூன்று" என்று தட்டினால் "நெக்ஸ்ட்இன்ட்" பிழை எழுப்புகிறது. ஆனால், அந்தச் சொல்லை உள்ளே எடுத்துக்கொள்வதில்லை, வாசலிலேயே விட்டுவிடுகிறது. நீங்கள் பிழையைப் பிடித்து, மடக்கில் மீண்டும் கேட்டால், வாசலில் நிற்கும் அதே "மூன்று" மறுபடியும் வரும். மறுபடியும் பிழை. திரை முழுவதும் "தவறு, தவறு, தவறு" என்று ஓடிக்கொண்டே இருக்கும். பயனரால் வேறு எதையும் தட்டவே முடியாது.

தீர்வு எளிது. "நெக்ஸ்ட்லைன்" மூலம் முழு வரியையும் எழுத்தாக உள்ளே எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு, அதை "பார்ஸ்இன்ட்"டிடம் கொடுங்கள். வாசல் காலியாகிவிடும், அடுத்த முயற்சி புதிதாகத் தொடங்கும்.

சி மொழி: கேட்டால்தான் சொல்லும்

சி மொழியில் "ஸ்கேன்எஃப்" கட்டளை எண்ணை வாங்குகிறது. எத்தனை மதிப்புகளை வெற்றிகரமாக வாங்கினேன் என்று அது ஓர் எண்ணைத் திருப்பித் தரும். ஓர் எண்ணைக் கேட்டு, 1 என்று திரும்பினால் வெற்றி. 0 என்றால் தோல்வி. ஆனால், அந்தப் பதிலை நீங்கள் வாங்கிப் பார்க்காவிட்டால் அது ஒன்றும் சொல்லாது. மாறியில் ஏற்கெனவே என்ன குப்பை இருந்ததோ, அதை வைத்தே நிரல் தொடர்ந்து ஓடும். ஜாவாவில் பார்த்த அதே "வாசலில் நிற்கும் சொல்" சிக்கலும் இங்கே உண்டு.

"12அ" என்று கொடுத்தால் "ஸ்கேன்எஃப்" 12ஐ எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடும். "1,000" என்று கொடுத்தால் 1ஐ மட்டும் எடுத்துக்கொள்ளும். ஆயிரம் ரிங்கிட் நன்கொடை ஒரு ரிங்கிட் ஆகிவிடும்!

"ஏடுஐ" என்று இன்னொரு கட்டளை உண்டு. "மூன்று" என்று கொடுத்தால் அது 0 தரும். "0" என்று கொடுத்தாலும் 0தான் தரும். பயனர் உண்மையிலேயே சுழியம் என்றாரா, உளறினாரா என்று பிரித்தறிய வழியே இல்லை. அதனால்தான், அனுபவமுள்ளவர்கள் "எஸ்டிஆர்டுஎல்" என்ற கட்டளையைப் பயன்படுத்துகிறார்கள். எண்ணைப் படித்து முடித்த இடம் எது என்று அது காட்டும். அந்த இடத்துக்குப் பிறகு வேறு எழுத்து இருந்தால், வந்தது முழு எண் இல்லை என்று முடிவு செய்யலாம்.

சி++ மொழியில் "சின்" தோல்வியடைந்தால், அது அந்தத் தோல்வி நிலையிலேயே நின்றுவிடும். அதன்பின் எதைக் கேட்டாலும் வாங்காது. "கிளியர்" என்று சொல்லி அதை மீட்க வேண்டும். பிறகு, "இக்னோர்" என்று சொல்லி வாசலில் கிடக்கும் எழுத்துகளைத் தள்ள வேண்டும்.

ஜாவாஸ்கிரிப்ட்: தலையாட்டும் மொழி

இணையப் பக்கங்களில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் முடிந்தவரை பிழை எழுப்பாமல் இருக்கவே பார்க்கும். இரண்டு மாற்றக் கட்டளைகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

• "12 ரிங்கிட்": "பார்ஸ்இன்ட்" 12 தரும். "நம்பர்" கட்டளையோ "எண் அல்ல" என்று பொருள்படும் என்ஏஎன் தரும்.
• "3.99": "பார்ஸ்இன்ட்" 3 தரும். "நம்பர்" 3.99 தரும்.
• "1,000": "பார்ஸ்இன்ட்" 1 தரும். "நம்பர்" என்ஏஎன் தரும்.
• வெறுமை: "பார்ஸ்இன்ட்" என்ஏஎன் தரும். "நம்பர்" 0 தரும்!

முதல் மூன்றில் "நம்பர்" நம்பகமாகத் தெரிகிறது. கடைசியில் அதுவும் காலை வாரிவிடுகிறது. அது மட்டுமல்ல, "ப்ராம்ப்ட்" பெட்டியில் பயனர் ரத்து பொத்தானை அழுத்தினாலும் "நம்பர்" அதை 0 என்றே மாற்றும். "எனக்கு வேண்டாம்" என்றவரின் பதில் "சுழியம்" என்று பதிவாகிவிடும்.

எனவே, ஜாவாஸ்கிரிப்டில் முதல் கேள்வியை நாமே கேட்க வேண்டும். ரத்தா, வெறுமையா என்று முதலில் பாருங்கள். பிறகு "நம்பர்" மூலம் மாற்றுங்கள். அதன்பின், "நம்பர்.இஸ்இன்டிஜர்" மூலம் விடை முழு எண்தானா என்று சோதியுங்கள்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். உலாவியில் செய்யும் சோதனை பயனருக்கு உதவி மட்டுமே, பாதுகாப்பு அல்ல. அந்த நிரல் பயனரின் கணினியில் ஓடுகிறது. விரும்பினால் அவர் அதை மாற்றிவிட்டு எதை வேண்டுமானாலும் அனுப்பலாம். ஆகவே, எண்ணைப் பெற்றுக்கொள்ளும் வழங்கிக் கணினி அதே சோதனைகளை மீண்டும் ஒருமுறை செய்ய வேண்டும்.

பெட்டிக்குள் அடங்குமா?

இது மூன்றாவது கேள்வி. ஜாவாவின் "இன்ட்" வகை 32 பிட் அளவுள்ள பெட்டி. அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 2,147,483,647. மிகச் சிறியது கழித்தல் 2,147,483,648. இதற்கு மேல் பயனர் தட்டினால் "பார்ஸ்இன்ட்" பிழை காட்டிவிடும். ஆனால், உள்ளே வந்த பிறகு கணக்குப் போடும்போது எல்லை தாண்டினால் ஜாவா வாயைத் திறக்காது. 2,147,483,647 உடன் 1ஐக் கூட்டினால் கழித்தல் 2,147,483,648 என்று சுற்றிக்கொண்டு வரும். பழைய கார்களின் மீட்டரில் 99999க்குப் பிறகு 00000 வருமே, அதைப் போல.

ஜாவாஸ்கிரிப்டில் எண் பெட்டி வேறு வகையானது. 9,007,199,254,740,991 வரைதான் ஒவ்வொரு முழு எண்ணையும் துல்லியமாக வைத்துக்கொள்ளும். 9007199254740993 என்று தட்டினால் கடைசி இலக்கம் 2ஆக மாறிவிடும். பிழை எதுவும் வராது.

பைத்தனில் முழு எண்ணுக்கு இப்படி ஓர் எல்லை இல்லை. எவ்வளவு பெரிய எண்ணையும் வைத்துக்கொள்ளும். இருந்தாலும், 3.11 பதிப்பு முதல், 4,300 இலக்கங்களுக்கு மேல் நீளமான எழுத்தை எண்ணாக மாற்ற அது இயல்பாக மறுத்துவிடும். அவ்வளவு நீளமான எண்ணை மாற்றக் கணினிக்கு நெடுநேரம் பிடிக்கும். கெட்ட எண்ணம் கொண்டவர் இலட்சக்கணக்கான இலக்கங்களை அனுப்பி ஓர் இணையத்தளத்தையே திணறடிக்க முடியும். அதைத் தடுக்கவே இந்தக் காவல்.

இந்த இடத்துக்குப் பொருந்துமா?

நான்காவது கேள்வியை எந்த மொழியும் உங்களுக்காகக் கேட்காது. உங்கள் நிரல் எதற்காக என்பது அதற்குத் தெரியாது.

1997ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்கக் கடற்படையின் யார்க்டவுன் என்ற போர்க்கப்பல் நடுக்கடலில் இயங்காமல் நின்றுபோனது. கணினிகளால் இயக்கப்பட்ட கப்பல் அது. மாலுமி ஒருவர் தரவுக் கட்டம் ஒன்றில் 0 என்று பதிவு செய்தார். நிரல் அந்தச் சுழியத்தால் வகுக்க முயன்றது. பிழை கணினி வலையமைப்பு முழுவதும் பரவி, கப்பலை உந்தும் அமைப்பே முடங்கியது. மீண்டும் இயங்க இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. சுழியம் நல்ல முழு எண்தான். பெட்டிக்குள்ளும் அடங்கும். அந்தக் கட்டத்தில் மட்டும் அது இருக்கக்கூடாது.

உங்கள் கூப்பன் நிரலிலும் இதே கதைதான். யாராவது "-3" என்று தட்டினால் விலை கழித்தல் 15 ரிங்கிட். கல்லாவிலிருந்து நீங்கள்தான் பணம் கொடுக்க வேண்டும்! சராசரி மதிப்பெண் கணக்கிடும் நிரலில் "எத்தனை பாடங்கள்?" என்பதற்கு 0 என்று பதில் வந்தால், பைத்தன் பிழை காட்டி நின்றுவிடும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. நடக்கவே முடியாதது வேறு, நடக்க வாய்ப்புக் குறைந்தது வேறு. கழித்தல் 3 கூப்பன் நடக்கவே முடியாது, எனவே உறுதியாக மறுத்துவிட வேண்டும். 200 கூப்பன் என்பது அரிது. ஆனாலும், ஒரு வகுப்பாசிரியர் எல்லா மாணவர்களுக்கும் சேர்த்து வாங்கலாம். அப்போது "200 கூப்பன், 1,000 ரிங்கிட். சரியா?" என்று கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். வெளியிடப்பட்டதே 14,500 பங்குகள் எனும்போது 610,000 பங்குகளை விற்பது முதல் வகை. அதற்கு ஓர் எச்சரிக்கை போதாது. கதவையே மூடியிருக்க வேண்டும்.

இலக்கங்களால் ஆனதெல்லாம் எண் அல்ல

சில சமயங்களில் சரிபார்ப்பே பயனருக்குத் தொல்லையாக முடியும். நமது அடையாள அட்டை எண்ணை எடுத்துக்கொள்வோம். 12 இலக்கங்கள். முதல் ஆறும் பிறந்த தேதி. 2008ஆம் ஆண்டு மார்ச் 15இல் பிறந்தவரின் எண் 080315 என்று தொடங்கும். "எல்லாம் இலக்கம்தானே" என்று அதை முழு எண்ணாக மாற்றினால், முன்னால் உள்ள 0 காணாமல் போகும். மிஞ்சுவது 11 இலக்கங்கள். தொடக்கம் 80315 என்றாகிவிடும். அதைத் தேதியாகப் படித்தால், 1980ஆம் ஆண்டு 31ஆம் மாதம்! ஜாவாவின் "இன்ட்" பெட்டியிலோ பெரும்பாலான 12 இலக்க எண்கள் அடங்கவே மாட்டா. 2000 முதல் 2009 வரை பிறந்த ஒவ்வொருவருக்கும் "உங்கள் எண் தவறு" என்று சொல்லும் நிரல் உருவாகிவிடும்.

கங்காரின் அஞ்சல் குறியீடு 01000, அலோர் ஸ்டாரின் குறியீடு 05000. இவற்றுக்கும் இதே கதிதான். தொலைபேசி எண்ணும் அப்படியே.

எளிய சோதனை ஒன்று சொல்கிறேன். "இரண்டைக் கூட்டினால் பொருள் உண்டா?" என்று கேளுங்கள். இரண்டு பேரின் கூப்பன்களைக் கூட்டலாம், எனவே அது எண். இரண்டு பேரின் அடையாள அட்டை எண்களைக் கூட்டி என்ன செய்வது? எனவே, அது எழுத்துச் சரம். அதை எழுத்தாகவே வைத்துக்கொண்டு, 12 எழுத்துகள் உள்ளனவா, எல்லாம் 0 முதல் 9 வரையா, மாதம் 01 முதல் 12க்குள் இருக்கிறதா என்று சோதியுங்கள்.

எல்லா மொழிக்கும் ஒரே வரைவு

இதுவரை பார்த்ததை ஒன்றுசேர்த்தால், கூப்பன் நிரலுக்கான போலிக்குறிமுறை இப்படி அமையும்.

திரும்பத் திரும்பச் செய்:
1. பயனர் தட்டியதை ஒரு முழு வரியாக, எழுத்தாக வாங்கு.
2. முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை நீக்கு.
3. வெறுமை என்றால், காரணம் சொல்லி மீண்டும் கேள்.
4. முழு எண்ணாக மாற்று. முடியாவிட்டால், காரணம் சொல்லி மீண்டும் கேள்.
5. 1க்குக் குறைவு என்றாலோ, கைவசமுள்ள கூப்பன்களைவிட அதிகம் என்றாலோ, காரணம் சொல்லி மீண்டும் கேள்.
6. 20க்கு மேல் என்றால், மொத்த விலையைக் காட்டி உறுதி செய்.
7. எண்ணை எடுத்துக்கொண்டு மடக்கிலிருந்து வெளியேறு.

பைத்தனில் எழுதும்போது, "எக்செப்ட்" என்பதை வெறுமனே விடாமல் "வேல்யூ எரர்" என்று குறிப்பிட்டு எழுதுங்கள். வெறுமனே விட்டால், நிரலை நிறுத்தப் பயனர் கன்ட்ரோல்-சி விசைகளை அழுத்துவதையும் அது பிழை என்று பிடித்துக்கொள்ளும். பாவம், அவர் மடக்கை விட்டு வெளியே வரவே முடியாது.

"காரணம் சொல்லி" என்று மூன்று முறை எழுதியிருப்பதையும் கவனியுங்கள். "தவறான உள்ளீடு!" என்று மட்டும் சொன்னால், பயனர் என்ன செய்வார்? அதே எண்ணை மீண்டும் தட்டுவார். "1 முதல் 85 வரையிலான முழு எண்ணைத் தட்டுங்கள். எடுத்துக்காட்டு: 3" என்று சொல்லிப் பாருங்கள். வரிசையில் நிற்கும் உங்கள் பாட்டிகூடக் குழப்பமின்றி வாங்கிச் செல்வார்.

நீங்களே செய்து பாருங்கள்

நீங்கள் ஏற்கெனவே எழுதிய நிரல் ஒன்றைத் திறந்து, எண் கேட்கும் இடத்தில் கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாகக் கொடுங்கள்.

• எதுவும் தட்டாமல் என்டர்
• இடைவெளி மட்டும்
• மூன்று
• 3.5
• -3
• 0
• 1,000
• ௩
• 99999999999999999999
• நீங்கள் வைத்த எல்லையின் இரு முனைகளும், அவற்றுக்கு அடுத்த எண்களும் (எல்லை 1 முதல் 20 என்றால் 0, 1, 20, 21)

ஒவ்வொன்றுக்கும் என்ன நடந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். நிரல் நின்றுபோனதா, மீண்டும் கேட்டதா, அல்லது தவறான விடையைத் தந்துவிட்டு அமைதியாக நகர்ந்ததா? மூன்றாவது வகைக்குச் சிவப்பு மையில் கோடிடுங்கள். முதலில் திருத்த வேண்டியவை அவைதான்.

பிறகு, அந்த நிரலைப் பக்கத்தில் இருக்கும் நண்பரிடம் கொடுத்து, "இதைக் கெடுத்துக் காட்டு" என்று சொல்லுங்கள். நீங்கள் நினைத்தே பார்க்காத ஒன்றை அவர் தட்டுவார். அதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.